கொள்கலன் வீடாகுமா?

(வீடமைப்புக் குறித்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கப்பலில் சரக்கேற்றி வரும் உருக்குப் பெட்டிகளை, கொள்கலன்கள் என்று நாம் அழைக்கும் அவற்றை, வீடாக்கிக் குடியிருக்கலாமா என்பதே இன்று எம்முன் உள்ள வினா. இது வேடிக்கையான வினா என்று சிலர் நகைக்கக்கூடும். உலகின் பல பாகங்களிலும் ஆயிரமாயிரம் மக்கள் இத்தகைய பெட்டிகளுக்குள் உறங்கி எழுந்திருக்கின்றனர். அவர்களுக்கு இது வேடிக்கையன்று.

எமது நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தில் பழைய நெறியொன்று உண்டு. அசையும் பொருளொன்றை ஒருவர் நிலத்தில் கொண்டுவந்து நிறுத்துகின்றார். அது அசையும் பொருளாகவே இருக்கின்றதா, அன்றி நிலத்தோடு சேர்ந்து அசையாச் சொத்தாகிவிட்டதா? இதனைத் தீர்மானிக்க நீதிமன்றம் மூன்று கேள்விகளைக் கேட்கும். பொருளின் இயல்பு யாது? அது நிலத்தோடு எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது? பொருத்தியவரின் எண்ணம் யாது? கொள்கலன் வீட்டையும் இம்மூன்று கேள்விகளைக் கொண்டே நாம் விசாரிப்போம்.

முதலாவது, இயல்பு. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டிகளைச் சுமந்து ஹூஸ்டன் நோக்கிப் புறப்பட்டது. அதனை அனுப்பியவர் மல்கம் மக்லீன் என்னும் லொறிப் போக்குவரத்து முதலாளி. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் சரக்கைப் பெட்டியோடு தூக்கி வைத்தால் நேரமும் கூலியும் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு உலக வாணிபத்தையே மாற்றியமைத்தது. ஆகவே இப்பெட்டி சரக்குக்காகப் பிறந்தது, மனிதருக்காகப் பிறந்ததன்று.

பெரும்பாலும் அதன் நீளம் 20 அடி அல்லது 40 அடி. அகலம் 8 அடி. உயரம் எட்டரை அடி. 20 அடிப் பெட்டி வெறுமையாகவே இரண்டு தொன்னுக்கு மேல் நிறையுள்ளது. சரக்கு நிறைந்த பெட்டிகளைக் கப்பலில் ஒன்றன்மேலொன்றாகப் பல அடுக்குகளாக ஏற்றுகின்றனர். அவ்வளவு பாரத்தையும் தாங்குவன நான்கு மூலைக் கால்களே. சுவரோ சுமார் 2 மில்லிமீற்றர் கனமுள்ள நெளிதகடு. கதவுக்கும் யன்னலுக்கும் அதனை வெட்டினால், வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் பற்றவைத்துப் பலப்படுத்தல் வேண்டும். மண்ணில் புதைத்து நிலவறையாக்கினால், பக்கவாட்டில் நெருக்கும் மண்ணை அச்சுவர் தாங்காது. தளத்துக்கு இட்ட ஒட்டுப்பலகைக்குப் பெரும்பாலும் பூச்சிகொல்லி ஊட்டியிருப்பர். பெட்டி முன்னர் எதனைச் சுமந்தது என்று விசாரியாமல், தளத்தை மாற்றாமல், தவழும் குழந்தையை அதில் விடலாகாது.

இனி வெப்பம். 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளர் வெளியிட்ட அறிக்கை, வீடற்ற குடும்பங்களைக் கொள்கலன்களில் குடியமர்த்தியிருந்ததைச் சுட்டிக்காட்டியது. கோடையில் கடும் வெப்பம், மாரியில் கடும் குளிர், பிள்ளைகள் விளையாட இடமில்லாத நெருக்கம் என்பன அதிற் கண்ட குறைகள். இங்கிலாந்து வெயிலுக்கே இந்த நிலையென்றால் வன்னி வெயிலுக்கு எந்நிலை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். உள்ளே வெப்பத்தடுப்பு அடிக்கலாம். ஆனால் உள் அகலம் 7 அடி 8 அங்குலமே. இரு பக்கமும் தடுப்பு அடித்தபின் மிஞ்சுவது 7 அடியளவுதான்.

கமக்காரப் பெருமக்களுக்கு ஒரு சொல். கருவிகளையும் பசளையையும் பூட்டி வைக்க இப்பெட்டி நல்ல காவல். ஆனால் நெல்லையோ வெங்காயத்தையோ காற்றோட்டமின்றி இதனுள் அடைக்காதீர்கள். பகலில் எழும் ஈரம் இரவில் குளிர்ந்த கூரைத் தகட்டில் நீராய்த் திரண்டு விளைபொருள்மீது சொட்டும், பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியின் நான்கு மூலைகளையும் கல்லின்மேல் உயர்த்தி, மேலே இடைவெளி விட்டுக் கிடுகாலோ தகட்டாலோ தனிக்கூரை போட்டு, எதிரெதிரே காற்றுவழி திறந்துவிட்டால் பெரும் பகுதி தொல்லை தீரும்.

இரண்டாவது கேள்வி, நிலத்தோடு பொருத்துதல். பொருத்துதல் என்பது சீமெந்து மட்டுமன்று. தண்ணீர், மலசலகூடம், பாதை, அயல் ஆகிய அனைத்துமாம். 2011 மார்ச் 11இல் ஆழிப்பேரலை யப்பானிய ஊரான ஒனகாவாவை அழித்தது. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அவ்வூரில் சமநிலம் அரிது. சிகெரு பான் என்னும் கட்டடக் கலைஞர் அங்குள்ள விளையாட்டு மைதானத்தில் 20 அடிக் கொள்கலன்களைச் சதுரங்கக் கட்டங்கள்போல் இடைவெளி விட்டு மூன்று மாடிவரை அடுக்கி, ஏறத்தாழ 190 குடும்பங்களுக்கு வீடமைத்தார். பெட்டிக்குள் குளியலறையும் பிள்ளைகளின் படுக்கையறையும். இரு பெட்டிகளுக்கு இடைப்பட்ட வெளியே வெளிச்சமுள்ள கூடம். ஊர் மக்கள் கூடச் சந்தையும் பொது இடமும் இருந்தன. மனிதர் வாழ்வை அறிந்தவர் கையில் அதே பெட்டி எவ்வளவு மாறிவிடுகின்றது பாருங்கள்!

மூன்றாவது கேள்வியே தலையாயது: வைத்தவரின் எண்ணம் யாது?

2011 பெப்ரவரி 22இல் நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகரைப் பூகம்பம் தாக்கியது. 185 பேர் மாண்டனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் இடிபாடுகளுக்கு நடுவே கொள்கலன்களால் ஆன கடைத்தெரு திறக்கப்பட்டது. நிலையான கட்டடங்கள் எழுந்தபின் 2018இல் அது மூடப்பட்டது. தற்காலிகம் என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இருந்தது.

மற்றொரு நகரைப் பாருங்கள். 1988 டிசெம்பர் 7இல் ஆர்மேனியாவில் நிகழ்ந்த பூகம்பத்தில் ஏறத்தாழ 25,000 பேர் இறந்தனர். இன்று கியூம்ரி எனப்படும் நகரில் வீடிழந்தோர் இரும்புப் பெட்டிகளிலும் பழைய புகையிரதப் பெட்டிகளிலும் குடியேற்றப்பட்டனர். இரண்டே ஆண்டில் வீடு தருவோம் என்றது சோவியத் அரசு. 1991இல் அந்த அரசே மறைந்தது. 2018இல் பூகம்பத்தின் 30ஆம் ஆண்டு நினைவு வந்தபோதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் துருப்பிடித்த அப்பெட்டிகளிலேயே இருந்தன. பெட்டிக்குள் பிறந்த பிள்ளை பெட்டிக்குள்ளேயே பிள்ளை பெற்றது!

தொலைநாட்டுக் கதையென்று எண்ணாதீர்கள். எமது மலையகத்து லயன் அறை யாது? 10 அடிக்கு 12 அடி. வேலைக்கு வந்தோர் தங்கி மீள்வதற்கென எழுப்பியது. தலைமுறைகள் கடந்தன, இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் அங்கேதான் வாழ்கின்றன, அவர்களிற் பெரும்பாலோர் கையில் காணி உறுதி இல்லை. தற்காலிகம் என்று தொடங்கிய வீட்டுக்கு முடிவுநாள் எழுதப்படாவிட்டால், அதுவே நிரந்தரமாகிவிடும்.

சட்டத்தின் பக்கம் மீண்டும் வருவோம். பிறர் காணியில் வைத்த பெட்டி அசையும் பொருளாயின், பாரந்தூக்கி கொண்டு ஒரே பகலில் அகற்றிவிடலாம். நிலத்தோடு சேர்ந்துவிட்டதாயின், அது காணிக்காரருக்கே உரியதாகும். நல்லெண்ணத்தோடு குடியிருந்தவர் செலவுக்கு ஈடு கோரலாமேயன்றி வீட்டைக் கோர முடியாது. இரு வழியிலும் தோற்பவர் காணியில்லாதவரே.

ஆதலின் கொள்கலன் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. சொந்தக் காணியில், விபரம் அறிந்து, விரும்பி அமைப்பவர் தாராளமாக அமைக்கட்டும். அழிவு நேர்ந்த மறுநாள் மழையில் நிற்பவருக்கு இரும்புக் கூரையும் பேருதவியே. ஆனால் அரசோ கொடையாளரோ பெட்டி தர முன்வரும்போது மூன்றை எழுத்தில் கேட்போம்: குடும்பத்தின் பெயரில் காணி, நிரந்தர வீடு முடிவடையும் திகதி, அதற்கென ஒதுக்கிய பணம். இங்குள்ள சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் அக்கோரிக்கைகளை எழுதிக்கொடுக்கும் பணியை ஏற்றல் வேண்டும்.

அன்பர்களே, பெட்டியின் திறப்பை வாங்குமுன் கையை நீட்டி உறுதியைக் கேளுங்கள். நாம் கேட்பது வாக்குறுதியை அன்று, காணி உறுதியை!