தொலைக்காட்சியும் மலக்குழியும்
(சேலையூரில் பேசியது)



தொலைக்காட்சியில் ராசிபலன் சொல்லுகிற பேர்வழிகளைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. அந்தப் பெட்டியே செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லுகிறோம்.

1982-ல் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் தொலைக்காட்சி ஆலிஸ் என்ற பெண்ணைக் காட்டிற்று. கல்நார் ஆலையில் சில மாதங்களே வேலை செய்தவள்; அந்தத் தூசியால் புற்றுநோய் வந்து செத்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக அழுததோடு நிற்காமல், முதலாளிகளைக் கேள்வி கேட்டார்கள். சர்க்கார் கல்நார் விதிகளைக் கடுமையாக்கிற்று.

இங்கே? 2012 ஜூலை 8, ஞாயிற்றுக்கிழமை, ‘சத்யமேவ ஜயதே’ நிகழ்ச்சியில் தீண்டாமையைப் பற்றிக் காட்டினார்கள். மலமள்ளும் கொடுமையைப் பெஜவாடா வில்சன் சொன்னார். தமிழிலும் வந்தது. பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். திங்கட்கிழமை?

மலத்தைக் கையால் அள்ளுவதை 1993-லேயே சட்டம் தடுத்தது. பாதுகாப்பின்றி ஆளைக் குழியில் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். சாக்கடைக் குழியில் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் சொல்லிற்று. 2023-ல் 30 லட்சம் என்றது. சாவுக்கு விலை ஏறிற்றே ஒழிய சாவு நிற்கவில்லை!

2017-ல் திவ்யபாரதி ‘கக்கூஸ்’ படம் எடுத்தார். திரையிடப் போலீசார் தடை செய்தார்கள். ஆளை இறக்கினவன் சும்மாயிருக்க, அதைக் காட்டினவர் மேல் கோபம்! இது என்ன யோக்கியதை?

தோழர்களே! நமது தெருவில் செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரி வருகிறது. குழாய் எட்டாத அடிமண்டியை எடுக்க ஆளை இறக்கச் சொல்லுகிறவர் யார்? வீட்டுக்காரர்தானே? உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியிலும் கேமரா உண்டு. அடுத்தமுறை லாரி வந்து நின்றால், அதை அவர் முகத்துக்கு நேரே காட்டிக் கேளுங்கள்.