காலமும் எச்சமும்: ஆங்கிலத்தில் நாம் இடறும் இடம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று இந்தக் கரையோரத்திலிருந்து மருத்துவ பீடம் போன நம்மில் பெரும்பாலோர் உயர்தரம் வரை தமிழில்தான் படித்தோம். பீடத்தில் எல்லாமே ஆங்கிலம். நோய்களின் பெயர்கள் நம்மைத் தடுக்கவில்லை. அவை மனனத்தில் வந்துவிடும். நாம் இடறியது வினைச்சொல்லில். ‘ஹேட்’ என்பதா, ‘ஹேஸ் ஹேட்’ என்பதா என்று பேனா நின்றுவிடும்.

இது பரீட்சைப் புள்ளியோடு முடிகிற காரியமல்ல. டெங்குவை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் விட்டதும் வீட்டார் நிம்மதியடைவார்கள். ஆனால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது; 24 முதல் 48 மணித்தியாலங்கள் நீடிக்கும். ஆகவே காய்ச்சல் எப்போது விட்டது என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டும். பிள்ளையின் உம்மா சொல்கிறார்: “நேத்து காய்ச்சல் வரல்ல.” நேற்று மட்டுமா, நேற்றிலிருந்து இந்நேரம் வரையா?

தமிழில் ‘வந்தது’, ‘வருகிறது’ என்று காலம் பிரியும். எதிர்மறையில் ‘வரவில்லை’ என்ற ஒன்றே இரண்டுக்கும். மிச்சத்தை ‘நேற்று’, ‘இன்னும்’ போன்ற சொற்கள் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலம் அப்படி விடாது. ‘ஷீ ஹேட் நோ ஃபீவர் யெஸ்டர்டே’ என்றால் நேற்றைய கதை மட்டும். இன்று திரும்பக் காய்ந்திருக்கலாம். ‘ஷீ ஹேஸ் ஹேட் நோ ஃபீவர் சின்ஸ் யெஸ்டர்டே’ என்றால் எழுதும் நிமிடம் வரை காய்ச்சல் இல்லை. சரியாக எழுத வேண்டுமானால் உம்மாவிடம் இன்னொரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: “இண்டைக்கு காஞ்சதா?”

பார்ட்டிசிப்பிள் என்றால் இன்னும் பயம். அதற்கு மருந்து நம் தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. ‘ஹேவிங் வொமிட்டட் ட்வைஸ், த மதர் ப்ரோட் த சைல்ட்’ என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். சத்தி எடுத்தது பிள்ளை; வாக்கியப்படி எடுத்தவர் உம்மா! அதையே தமிழில் ‘இரண்டு முறை சத்தி எடுத்து, உம்மா பிள்ளையைக் கொண்டுவந்தார்’ என்று எழுதினால் சிறு பிள்ளையும் சிரிக்கும். ‘செய்து’ என்னும் வினையெச்சத்துக்கும் அதை முடிக்கும் வினைக்கும் எழுவாய் ஒன்றாக வேண்டும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. எழுவாய் வேறென்றால் ‘எடுத்ததால்’ என்று தானாகவே மாற்றிக்கொள்கிறோம். நம் காதுக்கு எப்போதோ தெரிந்த விதி இது. ஆனால் தமிழ் ஆசிரியையும் ஆங்கில ஆசிரியையும் ஒரே கரும்பலகைக்கு முன்னால் நிற்பதை யார் கண்டார்கள்?

மருந்துக் குறிப்பில் வரும் ‘கிவன்’ என்ற சிறு சொல்லையும் பாருங்கள். ‘டு பீ கிவன்’ என்றால் இனிக் கொடுக்க வேண்டியது. ‘டு பீ’ விடுபட்டால், கொடுக்காத மருந்து கொடுத்து முடிந்ததாகிவிடும்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழக அனுமதிக்காக நம் பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டிலிருந்து காத்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் நமது சங்கம் ஒரு வகுப்பு நடத்தலாம். மருத்துவம், பொறியியல், சட்டம் என்று படித்த நாம் முறை வைத்து வரலாம். தூரத்தில் இருப்பவர்கள் தொலைபேசி வழியே சேரலாம். தமிழ் இலக்கணக் கொப்பியையும் ஆங்கிலக் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படிப்போம். முதல் நாள் பயிற்சிக்கு ‘காய்ச்சல் வரல்ல’ என்ற இரண்டு சொற்களே போதும்.