கல்லிலே எழுந்த உணர்ச்சி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிற்பம் என்றதும் நம் நெஞ்சம் மாமல்லபுரத்துக்கும் தஞ்சைக்கும் ஓடுகின்றது. பின்வந்த நாயக்கர் காலச் சிற்பங்களையோ, அணிகலன் மலிந்தவை, அமைதி குறைந்தவை என்று கலையறிஞர் சிலர் குறைத்து மதிப்பிட்டனர். அத்தீர்ப்புச் சரியானதுதானா என்று இன்று சிறிது ஆராய்வோம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில் கிருஷ்ணாபுரம் என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள வேங்கடாசலபதி கோயில், 16ஆம் நூற்றாண்டிலே மதுரை நாயக்கர் மரபினரான கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் எழுந்தது. அதன் மண்டபத் தூண்களில் பெரிய உருவங்கள் பல நிற்கின்றன. தூண் வேறு, சிலை வேறு அன்று. இரண்டும் ஒரே கல். மண்ணாயின் பிழைத்ததைப் பிசைந்து திருத்தலாம். உலோகமாயின் மீண்டும் உருக்கி வார்க்கலாம். கருங்கல்லிலோ உளி ஒருமுறை பிசகினால் போன விரல் போனதுதான். அத்தகைய கல்லிலே நரம்பின் புடைப்பையும், எலும்பின் மேட்டையும், நகத்தின் வளைவையும் காட்டினான் சிற்பி.

யாருடைய உருவங்களை அங்கே காண்கின்றோம்? வீரபத்திரர் நிற்கின்றார். நாகாஸ்திரம் ஏந்திய கர்ணனும், தாடியுடன் தவக்கோலம் பூண்ட அருச்சுனனும் நிற்கின்றனர். இரதியும் இருக்கின்றாள். இவர்களோடு, அரசகுமாரியைத் தூக்கிச் செல்லும் குறவனும், அரசகுமாரனைச் சுமந்து செல்லும் குறத்தியும் நிற்கின்றனர்! பாரம் தாங்கும் அவ்வுடல்களின் முறுக்கிலே உழைப்பின் வலிமை தெரிகின்றது. காதலின் துணிவும் தெரிகின்றது.

அன்பர்களே, இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டும். கோயிலுக்குள் யார் வரலாம், யார் வரலாகாது என்று நெடுங்காலம் வழக்காடியவர்கள் நாம். அச்சிற்பியோ இதிகாச வீரருக்கு அளித்த அதே மண்டபத்தில், மலைக் குறவனுக்கும் ஒரு தூணை அளித்துவிட்டான். மனித உணர்ச்சி எங்கிருந்தாலும் அது கோயிலுக்கு உரியதே என்பது அவன் உளி சொல்லும் செய்தி. அமைதி ஒன்றே கலையின் அளவுகோல் என்போர் இதனைக் காணத் தவறினர்.

ஆயினும் கல்லும் அழியக்கூடியதே. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில், தூய்மை செய்வதாக எண்ணி மணலை விசையுடன் பீச்சியதனால் சிற்பங்கள் கூர்மை மழுங்கின, கல்வெட்டுக்களும் தேய்ந்தன. பகைவர் செய்ததன்று இது; பக்தியின் பெயரால் நாமே செய்தது.

ஆகவே இளைஞர்களே, திருப்பணி என்றதும் சுண்ணாம்பும் வர்ணமும் கொண்டு விரையாதீர்கள். முதலில் தூணருகே நின்று பாருங்கள். அதன் அருமையை உணர்ந்தவன் அதன்மேல் ஆணி அடியான், வர்ணமும் பூசான். பார்க்கக் கற்பதே திருப்பணியின் முதற்படி.