மட்டாஞ்சேரிக்குத் தண்ணீர் வழி



போடிநாயக்கனூர் ஏலக்காய்க்குப் பேர்போன ஊர். அங்கே மூட்டை கட்டுகிற காய்க்கும், மலைக்கு அந்தப்பக்கம் கடலோரத்தில் இருக்கிற மட்டாஞ்சேரிக் கிடங்குகளுக்கும் தலைமுறை தலைமுறையாக உறவு உண்டு. சரக்கு போகிற அந்தத் திசையில்தான் நானும் போனேன். எனக்கு வேலை வேறு. கொச்சியில் ஓடிக்கொண்டிருந்தபோது பிஸ்டன் பிடித்து நின்றுபோன பழைய புல்லட் ஒன்று மட்டாஞ்சேரிப் பட்டறையில் தயாராகி நின்றது. அதை எடுத்துவர வேண்டும். போகும்போது பஸ்ஸும் படகும். திரும்பும்போது சொந்த வண்டி.

மதுரையையும் கொச்சியையும் இணைப்பது 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. போடியைத் தாண்டி முந்தலில் மலை தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்புறம் கேரளம். ஏலத்தோட்டங்கள், பூப்பாறை, தேயிலைச் சரிவுகள், மூணாறு. பிறகு அடிமாலி வழியாக இறங்கிக்கொண்டே இருந்தால் நேரியமங்கலத்தில் பெரியாறு குறுக்கிடும். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாறுக்குப் போன பழைய சாலையை அழித்துவிட்டது. அதன் பிறகு போட்ட புதுச்சாலைக்காக எழுப்பி, 1935இல் திறந்த வளைவுப் பாலம் அங்கே இன்றும் நிற்கிறது. அகலம் குறைவு என்பதால் பஸ் அதன்மேல் நிதானமாகத்தான் போகும். ஆற்றை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஆற்றைப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஏனென்றால் கொச்சித் துறைமுகமே பெரியாறு தந்த கொடை என்பார்கள். 1341இல் வந்த வெள்ளத்தில் நம் சங்கப் பாடல்கள் பேசுகிற முசிறித் துறை மணல்மூடித் தூர்ந்தது, தெற்கே கொச்சியில் கடலுக்குப் புதுவாய் திறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. ஒரு வெள்ளம் துறைமுகத்தையே இடம் மாற்றியது. இன்னொரு வெள்ளம் மலைச்சாலையை மாற்றியது. இந்தப் பக்கம் எந்த வழி எங்கே போக வேண்டும் என்பதை எப்போதும் தண்ணீரே முடிவு செய்திருக்கிறது.

எர்ணாகுளத்தில் இறங்கியவுடன் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். தோப்பும்படி வழியாக மட்டாஞ்சேரிக்குப் போகலாம்தான். ஆனால் நெரிசல் நேரத்தில் பாலத்தருகே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். நான் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய வாட்டர் மெட்ரோ முனையத்துக்கு நடந்தேன். 2023 ஏப்ரலில் தொடங்கிய சேவை இது. மட்டாஞ்சேரிக்கு முனையம் திறந்தது 2025 அக்டோபரில். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய, மின்கலத்தில் ஓடுகிற படகுகள். டீசல் வாடை கிடையாது, அதிர்வும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே துறைமுகம் விரிகிறது.

வலப்பக்கம் போல்காட்டித் தீவு. டச்சுக்காரர்கள் 1744இல் கட்டிய மாளிகை அதில் இருக்கிறது. அதையடுத்து வல்லார்பாடத்தின் ராட்சதக் கிரேன்கள். இடப்பக்கம் வில்லிங்டன் தீவு. அதன் பெரும்பகுதி இயற்கையாக அமைந்த நிலமல்ல. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் 1920களில் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி ஆழப்படுத்தினார். அதுவரை பெரிய கப்பல்கள் வெளியே கடலில்தான் நங்கூரமிட்டு நிற்கும். 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் புதுக் கால்வாய் வழியாக உள்ளே வந்தது. தூர்வாரி எடுத்த மண்ணைக் கொட்டி மேடாக்கியதுதான் இந்தத் தீவு.

தீவின் முனையைச் சுற்றித் திரும்பினால் மட்டாஞ்சேரிக் கால்வாய். கரையோரம் வரிசையாக ஓடு வேய்ந்த கிடங்குகள். எல்லாம் நமக்கு முதுகு காட்டுவதுபோல் தோன்றும். உண்மையில் வள்ளத்தில் சரக்கு வந்த காலத்தில் இந்தப் பக்கம்தான் வாசல். மறுபக்கம் பஜார் ரோடு. மிளகு, சுக்கு, அரிசி, தேயிலை என்று ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு வாசனை. நீலச் சட்டை போட்ட சுமைத்தொழிலாளர்கள் மூட்டையோடு குறுக்கே வருவார்கள். வழிவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

முனையத்தை ஒட்டியே டச்சு அரண்மனை. பேர்தான் டச்சு, கட்டிக்கொடுத்தவர்கள் போர்த்துகீசியர்கள், 16ஆம் நூற்றாண்டில். டச்சுக்காரர்கள் செப்பனிட்டதோடு சரி. உள்ளே சுவர் முழுக்க இராமாயண ஓவியங்கள். பக்கத்தில் 1568இல் எழுந்த பரதேசி யூதக் கோயில். இன்னும் சில தெரு தள்ளினால் கொங்கணிகள், குஜராத்திகள். ஃபோர்ட் கொச்சிப் பக்கம் போனால் வெளுப்புக்கூடத்தில் தமிழ்ப் பேச்சு கேட்கும். டச்சுப் படைவீரர்களின் உடைகளை வெளுக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று சொல்வார்கள்.

பட்டறை ஒரு சந்துக்குள். சிலிண்டரைப் போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, உப்புக்காற்றில் துருவேறிய போல்ட்டுகளை எல்லாம் மாற்றி வைத்திருந்தார் மெக்கானிக் இக்கா. டிகம்பிரஸரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் உதைத்தேன். பிடித்துக்கொண்டது. “அம்பதுக்கு மேலே போகண்டா, அண்ணா” என்றார். புதுப் பிஸ்டன் சிலிண்டரோடு பழகும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். “வைப்பின் ரோடு சமதளம், அங்கே ஓட்டி நோக்கு” என்று வழியும் சொல்லி அனுப்பினார்.

எதிர்க்கரையில் இருக்கிற வைப்பினுக்கு ஃபோர்ட் கொச்சியிலிருந்து வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் ரோ-ரோ படகு ஓடுகிறது. ‘சேது சாகர்’ என்று பெயர், 2018இல் வந்தது. லாரி, கார், ஆட்டோ எல்லாம் ஏறி நின்ற பிறகு மிச்சமிருக்கிற இடுக்குகளில் பைக்குகள் நுழைந்துகொள்ளும். இந்த முனையில் ஏறி அந்த முனையில் இறங்கலாம். வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. முகத்துவாரத்தைக் கடக்கச் சில நிமிடம்தான். ஒருபக்கம் சீன வலைகள், இன்னொரு பக்கம் உள்ளே வருகிற சரக்குக் கப்பல். அதே வைப்பினுக்குத் தரைவழியாகச் சுற்றிப்போனால் 15 கிலோமீட்டருக்குக் குறையாது. 2004இல் வைப்பினுக்குக் கோஸ்ரீ பாலங்கள் வந்த பிறகும் படகுக்கு வேலை போகவில்லை என்றால் காரணம் இந்தக் கணக்குதான். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடைக்காரர்களும் தினமும் போடுகிற கணக்கு அது.

நேயர்களே, கொச்சிக்குப் போகிறவர்கள் மட்டாஞ்சேரிக்குப் படகில் போங்கள். வண்டியோடு போனால் ரோ-ரோவில் ஏற்றுங்கள். மாலை நேரத்தில் வரிசை நீளம், காலையே நல்லது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அரண்மனைக்கு விடுமுறை.