கூட்டில் அடைக்கப்பட்ட அமானிதம்





பரந்தனில் வாழ்வோருக்கு இரசாயனத் தொழிற்சாலை என்னும் பெயர் புதியதன்று. ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் ஆக்கிய அத்தொழிற்சாலை 1980களில் போர்ச் சூழலினால் நின்றுபோயிற்று. எரிசோடா தோலில் பட்டால் என்ன நேரும் என்பதை அங்கே உழைத்த முதியவர்கள் அறிவார்கள். இன்று நமது வீடுகளில் சவர்க்காரம், சலவைத்தூள், தலைமயிர்ச் சாயம் என எத்தனையோ இரசாயனப் பொருள்கள் உள்ளன. இவற்றில் சேரும் இரசாயனங்கள் மனிதத் தோலுக்கு ஒவ்வாமையை உண்டாக்குமா என்பதை நெடுங்காலமாக எதன் உடலில் சோதித்துப் பார்த்தார்கள் என்று நீங்கள் சிந்தித்ததுண்டா? கினிப்பன்றி என்னும் சிற்றுயிரின் உடலிலேயே சோதித்தார்கள்.

பெயரில் பன்றி என்று இருப்பதனால் முகஞ்சுளிக்க வேண்டாம். நமது வன்னிக் காடுகளில் திரியும் முள்ளம்பன்றி எவ்வாறு பன்றி அல்லவோ, அவ்வாறே இதுவும் பன்றி அன்று. இரண்டும் கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தவை. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை வீட்டுப் பிராணியாக்கினார்கள். 1882ஆம் ஆண்டில் காசநோய்க் கிருமியை றொபேட் கொக் உலகுக்கு எடுத்துக்காட்டியபோது, அவருடைய ஆய்வுக்கு உடல் தந்தவற்றுள் இவ்வுயிரும் ஒன்று. 1907ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு ஆய்வாளர் இருவர் இதன் மூலமாகவே, முரசு கரைந்து இரத்தம் கசியும் ஸ்கேவி நோய் உணவுக் குறைபாட்டினால் வருவதென நிறுவினர். விற்றமின் சீயைக் கண்டறியும் பாதையைத் திறந்தது அந்த ஆய்வே. ஆக, நமது உடல்நலத்தின் ஒரு பங்கு இதன் கடனாகும்.

சகோதரர்களே! அக்கடனை நாம் எவ்வாறு தீர்க்கின்றோம்? பூனையொன்றைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நம்மில் பலர் இதனைப் பட்டினி போட்ட குற்றம் என்று மட்டுமே விளங்கிக்கொள்கின்றோம். சற்று நின்று கவனியுங்கள். அவள் உணவு கொடுக்கவுமில்லை. பூமியில் ஊர்வனவற்றைத் தானே தேடித் தின்னும்படி அதனை விட்டுவிடவுமில்லை. திறந்துவிட்டிருந்தால் அது தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும். கதவைப் பூட்டிய கணத்திலேயே, அந்த உயிர் தானாகத் தேடிக்கொள்ளக்கூடிய அனைத்தும் பூட்டியவளின் பொறுப்பாகிவிட்டது.

இந்த அளவுகோலை ஆய்வுகூடத்துக் கூட்டின்மீது வைத்துப் பார்ப்போம். கினிப்பன்றி சுதந்திரமாக இருந்தால் எதனைத் தேடும்? முதலாவதாகத் தன் கூட்டத்தைத் தேடும். தனித்து வாழும் படைப்பன்று அது. ஜேர்மனிய விலங்கியலாளர் நோர்பேட் சாக்சரும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வில், பழக்கமற்ற கூட்டில் தனியே விடப்பட்ட ஆணின் இரத்தத்தில் அச்சத்தைக் காட்டும் கோர்ட்டிசோல் என்னும் சுரப்பு பெருகியது. பிணைப்புள்ள துணை உடனிருந்தபோது அப்பெருக்கம் தணிந்தது. முன்பின் அறியாத பெண் உடனிருந்தபோது அவ்வாறு தணியவில்லை. எனவே ஏதோ ஓர் உயிரை உள்ளே தள்ளிவிட்டால் போதாது. பழகிய துணை வேண்டும். வளர்ந்த ஆண்கள் பெண்களின் அருகில் ஒன்றோடொன்று கடுமையாகச் சண்டையிடும் என்பதனால், எவற்றை எவற்றோடு சேர்ப்பது என்பதும் அறிந்து செய்யவேண்டிய காரியமாகும்.

இரண்டாவதாக, ஒளிந்துகொள்ள இடம் தேடும். சிறு ஓசைக்கும் உறைந்து நிற்கும், அல்லது சிதறி ஓடும் இயல்புடையது அது. நுழைந்து மறைய ஒரு பெட்டியேனும் இல்லாத கூடு அதற்கு ஓயாத அச்சமாகும். மூன்றாவதாக, புல்லைத் தேடும். வாழ்நாள் முழுவதும் வளரும் அதன் பற்கள் தேய்வதற்கும் குடல் இயங்குவதற்கும் உலர்புல் வேண்டும். நம்மைப் போலவே அதன் உடலும் விற்றமின் சீயைத் தானே ஆக்கிக்கொள்ளாது. நாட்பட்ட தீவனத்தில் அச்சத்து அழிந்துவிடும். கம்பிவலைத் தரை பாதங்களைப் புண்ணாக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2010ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், இயல்பாகவே தனித்து வாழும் உயிர்களைத் தவிர ஏனையவற்றைக் கூட்டாகவே வைக்கவேண்டுமென விதிக்கின்றது. 700 கிராமுக்கு மேற்பட்ட கினிப்பன்றி ஒவ்வொன்றுக்கும் 900 சதுர சென்ரிமீற்றர் தரையும், கூட்டுக்குக் குறைந்தது 2500 சதுர சென்ரிமீற்றர் பரப்பும், 23 சென்ரிமீற்றர் உயரமும் வேண்டுமென அது வரையறுக்கின்றது.

இவை மேற்கிலிருந்து வந்த புதுமைகள் என்று எண்ணிவிடாதீர்கள். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அவர்கள், விலங்குகளுக்கு மனிதன் செலுத்தவேண்டிய உரிமைகளை வரிசைப்படுத்தியுள்ளார்கள். பயன் தராத முதுமையிலும் நோயிலும் செலவிட்டுப் பராமரித்தல், தம்மினமாயினும் பிறவினமாயினும் துன்புறுத்துபவற்றோடு சேர்த்து அடைக்காதிருத்தல், தங்குமிடத்தைச் செம்மையாக்குதல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

பரந்தனிலிருந்து தெற்கே சென்று கிளிநொச்சியைக் கடந்தால் அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் அங்கே இயங்குகின்றன. நமது பிள்ளைகள் விஞ்ஞானம் கற்கின்றார்கள், அல்ஹம்துலில்லாஹ். நாளை அவர்களுள் ஒருவர் ஏதேனுமோர் ஆய்வுகூடத்தில் விலங்குகளுக்குப் பொறுப்பாளராகலாம். இலங்கையின் விலங்கு வதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. ஆனால் சட்டத்தின் கண் படாத இரவிலும் விடுமுறை நாளிலும் கூட்டின் அருகே நிற்பவர் அந்தப் பிள்ளையே. 30 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பம் கினிப்பன்றியைக் கொல்லவல்லது. நமது வன்னி வெயிலில் மின்சாரம் தடைப்பட்டால், விடுமுறையென்று வீட்டிலிருந்துவிட முடியுமா?

எல்லாவற்றுக்கும் முன்பாகக் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. இந்த உயிரை அடைக்கத்தான் வேண்டுமா? 1959ஆம் ஆண்டில் றசல், பேர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் மூன்று வழிகளைக் கூறினர். விலங்கின்றிச் செய்ய முடிந்தால் அவ்வாறே செய்க. முடியாவிடின் எண்ணிக்கையைக் குறைக்க. அதன்பின்னும் எஞ்சும் துன்பத்தைத் தணிக்க. தோல் ஒவ்வாமையை விலங்கின்றி அறியும் முறைகள் 2015ஆம் ஆண்டு முதல் சர்வதேச வழிகாட்டிகளில் இடம்பெற்றுள்ளன. ஆகவே, வழக்கம் என்பது மட்டும் இனியொரு காரணமாகாது.

சகோதர சகோதரிகளே! 1990ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தவர்கள் நம்மிடையே உள்ளார்கள். 2009ஆம் ஆண்டில் மெனிக் பாம் முட்கம்பி வேலிக்குள் இருந்தவர்கள் நம் அயலவர்கள். உணவுப் பொதி வந்தது. தண்ணீர் பவுசர் வந்தது. ஆயினும் உறவுகள் எங்கே என்று அறியாத நெஞ்சுக்கு அவை போதுமாயிருந்தனவா? மனிதனின் துயரம் வேறு, விலங்கின் துயரம் வேறு. இரண்டையும் நான் சமன்படுத்தவில்லை. உணவும் நீரும் மட்டுமே வாழ்வாகாது என்பதை இந்த மண்ணில் யாரும் நமக்குக் கற்பிக்கவேண்டியதில்லை என்பதையே நினைவூட்டுகின்றேன்.

விலங்குகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்குர்ஆன் அறிவிக்கின்றது. சமுதாயத்திலிருந்து ஒன்றைப் பிரித்துத் தனியே பூட்டுபவன், தான் எதனைப் பறித்தான் என்பதை அறிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் கினிப்பன்றியோ, முயலோ, கிளியோ, எந்த உயிர் கூட்டில் இருந்தாலும் இன்று மாலை அதன்முன் சென்று நில்லுங்கள். திறந்துவிட்டால் இது எதனைத் தேடிப் போகும் என்று உங்களையே கேளுங்கள். அதனைக் கொண்டுவந்து கொடுங்கள். கொடுக்க இயலாதெனில் அடைக்காதீர்கள்.

வல்ல அல்லாஹ் நமது கையில் ஒப்படைத்த அமானிதங்களைப் பேணி நடக்க நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.