எதற்காகச் செய்கிறோம்?



பிள்ளைகளிடம் ‘என்ன படிக்கப் போகிறாய்?’ என்று கேட்கிறோம். ‘எதற்காக?’ என்று கேட்பது குறைவு. நம்மையே கேட்டுக்கொள்வது அதைவிடக் குறைவு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பக்தாத் நிஜாமியாவில் 300 மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தவர்கள். புகழின் உச்சியில் தம் நிய்யத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓதிக்கொடுப்பது அல்லாஹ்வுக்காகவா, பேருக்காகவா? பேருக்காகத்தான் என்று தெரிந்தது. ஆறு மாதம் தடுமாற்றம். பாடம் நடத்த நா எழவில்லை. 1095ஆம் ஆண்டு பதவியை விட்டுப் போனார்கள்.

முஹாஸபா என்றாலே வேலையை விடவேண்டுமோ என்று பயப்படுகிறோம். (வீட்டுக் கடன் இருக்கிறதே!) அதே இமாம் 1106இல் நைசாபூரில் மறுபடியும் ஓதிக்கொடுத்தார்கள். வேலை பழையதுதான், நிய்யத்துதான் புதிது.

நம் சங்கத்துக்கும் இதே கேள்வி: துணைப்பாட வகுப்பு பிள்ளைகளுக்காகவா, ஆண்டறிக்கையில் படம் போடவா? அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் முதலில் இதைப் பேசுவோம்.