வண்டியின் பிரேக் ஆயில்



விளைபொருளைச் சந்தைக்கும் நோயாளியை மருத்துவமனைக்கும் கொண்டு செல்லும் வண்டியில், எஞ்சின் ஆயிலைத் தவறாது மாற்றும் நாம், பிரேக் ஆயிலை மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடுவதில்லை. அதுவோ உப்பைப் போல் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டாட் 3 வகை, புதிதாயிருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது விதி. நூற்றுக்கு நான்கு பங்கிற்கும் குறைவாக நீர் கலந்தாலே அவ்வெல்லை 140 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அன்னாசிப் பாரத்துடன் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வண்டியில் எழும் வெப்பம் சிறிதன்று. ஆயில் கொதித்து ஆவியாகும்; ஆவி அழுத்தத்திற்குச் சுருங்கும்; மிதி தரை மட்டும் இறங்கும்; வண்டி நில்லாது.

ஆகையால் இரண்டாண்டுக்கு ஒரு முறை, அல்லது வண்டியின் கையேடு கூறும் காலத்தில், இதனை மாற்றுதல் வேண்டும். இருவர் கூடினால் வீட்டிலேயே செய்யலாம். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை ஏற்றுவோம். செங்கல்லை அடுக்கித் தாங்கல் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு; அது நொறுங்கி உயிரைக் குடிக்கும். டப்பாவிலுள்ள பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துப் புதியதை நிரப்ப வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பொதுவழக்கம். கையேடு வேறு வரிசை கூறின் அதுவே சரி. அச்சக்கரத்து நிப்பிளில் கண்ணாடி போன்ற குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது புது ஆயில் உள்ள புட்டியில் அமிழ்த்துவோம். ஒருவர் மிதியை மெல்ல அழுத்த, மற்றவர் நிப்பிளைத் திறந்து, மிதி மேலெழுமுன் மூடிவிட வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் காற்று உட்புகும். ஆகவே, ஒருவர் சொல்லை மற்றவர் கேட்டே செய்தல் வேண்டும். தெளிந்த ஆயில் குமிழியின்றி வரும் வரை இவ்வாறு செய்து, பிற சக்கரங்களுக்குச் செல்லலாம். இடையே டப்பா வற்றலாகாது.

அவசரத்திற்கு எஞ்சின் ஆயிலை ஊற்றுவோரும் உளர். ரப்பர் உறுப்புகள் ஊதிப் பிரேக்கே கெட்டுவிடும். டிராக்டர்களில் சில வேறு எண்ணெய் கேட்பவை. அவற்றின் கையேட்டைப் பாராமல் எதையும் ஊற்றலாகாது. சென்ற ஆண்டு திறந்த பாதிப் புட்டியும் ஆகாது. வண்டியின் பெயிண்டில் சிந்தினால் உடனே நீர் விட்டுக் கழுவுவோம். ஏ.பி.எஸ். பொருத்திய சில வண்டிகளுக்குத் தனிக் கருவி தேவைப்படும்; அவற்றைப் பட்டறைக்கே விடுதல் நலம்.

வடித்த ஆயில் நஞ்சு. கிணற்றடியிலோ மாட்டுத் தொட்டியருகிலோ கொட்டலாகாது. அதைச் சேர்த்துவைத்துப் பட்டறையில் ஒப்படைக்கப் பஞ்சாயத்தார் மூடியிட்ட தகர டப்பா ஒன்றை வைக்கலாம்.

மிதி உறுதியாக நின்ற பின்னரே, முதலில் ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்து, பிறகு மலைப்பாதையில் செல்வோம்.